எண்ணெய் ஆகாது என்று சொன்னவர்கள்

1

என் மகனின் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில், டெர்பியில் அவன் படிக்கும் தொடக்கப் பள்ளி அனுப்பியது. ஆல்பின் தினமும் கொண்டுவரும் உணவில் எண்ணெயும் உப்பும் அதிகமாக இருப்பதைக் கவனித்தார்களாம். இந்த 2006ஆம் ஆண்டு முழுக்கப் பள்ளியில் ஆரோக்கிய உணவு இயக்கம் நடக்கிறதாம். இனிமேல் வறுத்த பண்டங்களுக்குப் பதில் வெள்ளரிக்காயும் கேரட்டும் கொடுத்தனுப்பினால் நன்றாயிருக்குமாம். ஓரத்தில் ஒரு ஆப்பிள் பழம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த ஆப்பிளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைக்கு வெள்ளரிக்காய் கொடு என்று சொன்னதற்கா இத்தனை ஆத்திரம் என்று ஊரில் இருக்கும் உங்களுக்குத் தோன்றும். சொல்கிறேன். ஆல்பினுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே அவனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் வரும் நோய். உடம்பில் ஊறும் சளி பசை மாதிரி இறுகிவிடும். நுரையீரல் அடைத்துக்கொண்டு கிருமி குடியேறும். கணையத்தில் சுரக்கும் செரிமான நீர் குடலுக்கு வந்து சேராது. அதனால் தின்கிற நெய்யும் எண்ணெயும் உடம்பில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். வேர்வையில் உப்பு கொட்டும். ஆகவே இந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டும். எண்ணெய், நெய், உப்பு எல்லாம் தாராளமாகச் சேர வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டோடும் செரிமானத்துக்கான கேப்சூல்களை விழுங்க வேண்டும். எடை இருந்தால்தான் நுரையீரலுக்கு மல்லுக்கட்டத் தெம்பு இருக்கும்.

கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் அவனை நிறுத்துப் பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தான். கிறிஸ்துமசுக்குள் ஏறாவிட்டால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அதன் வழியாகத்தான் சத்துப்பால் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மேசைக்கு அடியில் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் வீட்டுக்கு வந்ததும் வடைக்கு உளுந்து நனையப் போட்டேன்.

இத்தனைக்கும் அந்தப் பள்ளியில் சேர்க்கும்போதே பதினோரு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தவள் நான். நோயின் பெயர், கேப்சூல் எண்ணிக்கை, என்ன தின்ன வேண்டும், ஏன் தின்ன வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு அதில் ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை.

2

எண்ணெய் ஆகாது என்று எனக்கு முதலில் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை.

ஆல்பினுக்கு முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். ஜெசிந்தா. 1991இல் திண்டுக்கல்லில் பிறந்தாள். நான் அப்போது டவுனில் கன்னியர் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் நர்சு. என் வீட்டுக்காரர் சவரிமுத்து கணக்கு வாத்தியார். அவர் எனக்கு அத்தை மகன். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று, நெருங்கிய உறவில் கட்டுவதற்கு ஆயரிடம் விலக்கு வாங்கிக் கட்டிவைத்தார்கள். பங்குச் சாமியாரைக் கேட்டார்கள், ஆயரைக் கேட்டார்கள், செம்பட்டியில் இருந்த என் பெரியப்பா வரைக்கும் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்க முடியும் என்று அன்றைக்கு நர்சான எனக்கே தெரியாது.

ஜெசிக்குக் கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் பெரிதாகவும் இருந்தது. மாதம் தவறாமல் இருமல், காய்ச்சல். தெருவில் சவலை என்றார்கள். வேலைக்குப் போகிற பொம்பளை பெற்ற பிள்ளை சவலையாகத்தான் போகும் என்று என் காதுபடவே சொன்னார்கள். தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுத்தால் சரியாகும் என்று ஒருத்தர் சொல்ல, செம்பட்டி ரோட்டில் ஒரு ஆளிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் வாயை வைத்து ஊதிவிட்டு ஒரு சின்னப் பாக்குத் துண்டை எடுத்துக் காட்டினார். என் பிள்ளை அதுவரை பாக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதையும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் டூட்டிக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொண்டது சவரியின் அக்கா, என் ரோஸ்லின் மதினி. வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஜெசிக்காகவே எங்களோடு வந்து தங்கினார். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் இந்தக் கட்டுரை எனக்குச் சுலபமாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளை வெளிக்குப் போனதைக் கழுவிவிடுவதற்கு முன் குனிந்து பார்ப்பார். அதில் எண்ணெய் பளபளவென்று மிதக்கும். நாற்றம் தெருமுனை வரை போகும்.

"உள்ள போற எண்ணெ அப்படியே வெளிய வருது பாரு ஸ்டெல்லா. பிள்ளை வயித்துக்கு ஏலல. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டிப் பாப்பமா?" என்றார்.

அதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. நெய் போயிற்று. முட்டை போயிற்று. பாலில் ஆடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்தோம். ஆவியில் வெந்த இட்லி, ஆரோட்டு மாவுக் கஞ்சி, குழைந்த சோறு. ஒரே வாரத்தில் எண்ணெய் மிதப்பது நின்றுவிட்டது. நாற்றமும் குறைந்தது. பத்தியம் கேட்கிறது என்று மதினி அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார். எண்ணெய் உள்ளே போகவில்லை, அதனால் வெளியே வரவில்லை. இந்தச் சின்னக் கணக்கு வீட்டில் கணக்கு வாத்தியாருக்கும் தெரியவில்லை, நர்சுக்கும் தெரியவில்லை. பிள்ளை இளைத்துக்கொண்டே போனதை நோயின் கணக்கில் எழுதினோமே தவிரப் பத்தியத்தின் கணக்கில் எழுதவில்லை.

பிறகு அவள் முகமும் பாதமும் வீங்கி அதைத்துப்போயின. டவுனில் பெயர் பெற்ற குழந்தை டாக்டர் உப்பையும் குறைக்கச் சொன்னார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, காசமாகத்தான் இருக்கும் என்று ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதினார். அந்தச் செய்தி பரவியதும் பக்கத்து வீடுகளில் எங்களுக்குத் தனி டம்ளர் வந்தது. எங்கள் டவுனில் அப்போது குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்குப் பிடித்து டிரம்மில் வைத்து நாள்கணக்கில் புழங்குவோம். ஈரத்தில் வளரும் கிருமிதான் இந்தப் பிள்ளைகளின் நுரையீரலுக்கு எமன் என்பதை நான் இங்கே வந்து படித்தேன். அந்த டிரம்மில் என்ன இருந்ததோ, என் பிள்ளை எத்தனை தடவை அதில் கையை விட்டு விளையாடினாளோ.

1994 மே மாதம். வெயில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேர்த்து வேர்த்துப் பிள்ளை துவண்டுபோனாள். உப்பில்லாத கஞ்சியைத்தான் அப்போதும் ஊற்றிக்கொண்டிருந்தோம். நெஞ்சில் சளி கட்டி, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, என்னோடு வேலை பார்த்தவர்கள் கையிலேயே போய்விட்டாள். இரண்டரை வயது. உப்பும் எண்ணெயும் வேண்டிய உடம்பு அது. அந்த இரண்டையும் தேடித் தேடி நிறுத்தினோம்.

3

1997இல் ஆல்பின் பிறந்தான். அவனுக்கும் அதே இருமல், அதே வயிறு. மதினி பத்தியம் என்று வாயைத் திறந்ததும் நான் ஆடிய ஆட்டத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. இந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் தின்னட்டும், போனாலும் தின்றுவிட்டுப் போகட்டும் என்றேன். ஆயக்குடிக் கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்தேன். ஊறுகாய் எண்ணெயைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன். அவன் நான்கு வயது வரை உயிரோடு இருந்ததற்குக் காரணம் என் படிப்பு இல்லை, என் ஆத்திரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தி இருந்த காலத்தில் நான் என்ன கிழித்தேன் என்று யாரும் கேட்டதில்லை.

2001இல் நர்சு வேலைக்கு ஆள் எடுத்தபோது இங்கே வந்தோம். அங்கே கணக்கு வாத்தியார், இங்கே கிட்டங்கியில் அட்டைப் பெட்டி அடுக்கினார். வந்த முதல் குளிரிலேயே ஆல்பினுக்கு நிமோனியா. என் மகள் வயதிருக்கும் ஒரு சின்ன டாக்டர், அப்படிச் சொல்லக்கூடாது, என் தங்கை வயதிருக்கும், முதல் கேள்வியாகக் கழிவு எப்படி இருக்கும் என்று கேட்டாள். எண்ணெய் மிதக்கும் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுவாரம் அவன் கையில் வேர்வை எடுத்து உப்பை அளந்தார்கள். பத்து வருடமாக ஒரு ஊரே மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு ஒரு சொட்டு வேர்வையில் பதில் இருந்தது.

நான் உடனே திண்டுக்கல் டாக்டருக்குப் போன் போட்டேன். ஜெசியின் பெயரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. நோயின் பெயரைச் சொன்னேன்.

"அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற வியாதிம்மா. நம்ம பிள்ளைகளுக்கு வராது. நாங்க படிச்ச புஸ்தகத்துலயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

வியாதி பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டா உள்ளே நுழையும்? வராது என்று எழுதி வைத்தார்கள், அதனால் யாரும் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை. கிடைக்காததால் வராது என்று மறுபடி எழுதினார்கள். இதற்கு நடுவில் எத்தனை பிள்ளைகளைச் சவலை என்றும் காசம் என்றும் சொல்லி மண்ணுக்குள் வைத்தார்களோ, அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவரிடம் இதையெல்லாம் கேட்க நினைத்தேன். போன் கார்டில் காசு முடிந்துவிட்டது.

செம்பட்டியில் இருக்கும் என் அண்ணன் கேட்டது வேறு. ரத்தத்தில் வரும் வியாதி என்று வெளியில் மூச்சு விடாதே, என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்றார். அவளைக் கட்டிக்கொடுக்கப் பார்த்ததும் சொந்தத்தில்தான்.

4

எங்கள் வீட்டு நாள் இப்படிப் போகிறது. காலையில் மருந்தைப் புகையாக்கும் கருவியை மூக்கில் வைத்து இழுப்பான். பிறகு அவனைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டிச் சளியை இளக்க வேண்டும். சவரி தட்டினால் தாளம் வரும், நான் தட்டினால் கோபம் வருகிறது என்பான். வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ கிருமி தலைதூக்கினால் இரண்டு வாரம் நரம்பில் மருந்து ஏறும். வீட்டில் பூ ஜாடி கிடையாது, அதில் தேங்கும் தண்ணீர் ஆகாது.

இந்த நோய் உள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கக் கூடாது. ஒருவர் கிருமி அடுத்தவருக்குப் போய்விடும். ஆஸ்பத்திரியில் தனித்தனி அறை, தனித்தனி நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் போவான், இவன் கையை ஆட்டுவான். தன்னைப் போல ஒருவனோடு அவன் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் பள்ளியில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட வேண்டும் என்று துடிக்கிறான். வடையைத் தன் சிநேகிதர்களிடம் உப்புப் போட்ட டோனட் என்று சொல்லிவைத்திருக்கிறான். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு போனில் பேசும்போது மட்டும் தமிழ் வரும். ரோஸ்லின் மதினி இன்னமும் அவனிடம், "எண்ணெப் பண்டத்தக் கொறைச்சுக்க அப்பு, வயித்துக்கு ஆகாது" என்று சொல்லித்தான் போனை வைப்பார். நோயைப் பற்றி நான் இரண்டு தடவை விளக்கிவிட்டேன். மூன்றாவது தடவை விளக்கினால் ஜெசியைப் பற்றியும் அவருக்கு விளங்கிவிடும் என்று நிறுத்திக்கொண்டேன்.

5

கடிதத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது என்றார். இந்த ஊரில் ஒன்றும் செய்யப் போவதில்லை என்பதை இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் விடவில்லை. அந்தப் படிவத்தை எடுத்து வரச் சொன்னேன். தேடி எடுத்து வந்தார்கள். ஏழாம் பக்கத்தைத் திறந்து என் கையெழுத்தை நானே உரக்கப் படித்தேன். கோபத்தில் நடுநடுவே தமிழ் கலந்துவிட்டது. கலந்தது நல்ல தமிழ் இல்லை. உங்கள் வெள்ளரிக்காயால் என் பிள்ளை வயிற்றில் ஓட்டை போடப் போகிறார்கள் என்று சொல்லி முடித்தேன்.

தலைமையாசிரியையின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டார். அது பாசாங்கு இல்லை என்று தெரிந்தது. சாப்பாட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவை வரவழைத்தார். நரைத்த தலை, மாவு ஒட்டிய ஏப்ரன். எனக்குப் பயந்து கதவோரமாகவே நின்றார். நான் முறைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். கடிதம் போனது இந்த வாரம்தானாம். ஆனால் ஆல்பின் சாப்பாட்டைக் குப்பைத் தொட்டியில் போடுவது பள்ளி திறந்த நாளிலிருந்தே நடக்கிறதாம். வாசனை அடிக்கிறது என்று யாரோ மூக்கைப் பிடித்தார்களாம். அதற்கப்புறம் அவனே வந்து, எனக்கும் எல்லாரையும் போல வெறும் ரொட்டியும் கேரட்டும் கொடுங்கள், எண்ணெய் உடம்புக்குக் கெடுதல் என்று கேட்டானாம். ஏப்ரன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார். ஜன்னலோரச் செடித் தொட்டியைக் கிளறும்போது கிடைத்தவையாம். மண் ஒட்டிய கேப்சூல்கள். ஒரு கைப்பிடி இருந்தது.

நான் கொண்டுபோன கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. கைக்குட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தேன்.

6

பள்ளி விட்டதும் அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வடையைச் சுட்டு, நெய் ஊற்றிப் பருப்புச் சோறு பிசைந்து, தட்டில் வைத்து, பக்கத்தில் அந்தக் கைக்குட்டையை வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். கத்தப் போகிறேன் என்று தோளைச் சுருக்கிக்கொண்டான்.

கத்தத்தான் நினைத்தேன். அதற்குள் அவன், டீச்சர் எண்ணெய் கெடுதல் என்கிறார், டிவியில் சொல்கிறார்கள், அத்தையும் சொல்கிறார், நீங்கள் ஒருவர்தான் தின்னச் சொல்கிறீர்கள், எல்லாரும் எப்படித் தப்பாக இருக்க முடியும் என்று கேட்டான். கேள்வியில் நியாயம் இருந்தது. நானும் ஒரு காலத்தில் எல்லாரையும் நம்பியவள்தான்.

அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள், காய்ச்சல் வந்து சேசுவிடம் போய்விட்டாள் என்பதுவரை தெரியும். அன்றைக்கு மிச்சத்தைச் சொன்னேன். அவளுக்கும் இதே நோய்தான் இருந்திருக்க வேண்டும் என்றேன். எண்ணெய் ஆகாது என்று எல்லாரும் சொன்னார்கள், உப்பு ஆகாது என்றார்கள், நான் அவர்கள் பேச்சைக் கேட்டேன், கொடுக்கவில்லை என்றேன். கேப்சூல் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவன் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். வெகு நாளைக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினான்.

"அக்காவுக்குப் பசிக்கலயாம்மா?"

அவனுக்குத் தெரியும். தின்பது உடம்பில் ஒட்டாத பிள்ளைக்குப் பசி எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"பசிச்சுச்சு அப்பு. எந்நேரமும் பசிச்சுச்சு" என்றேன். "நாங்க சாப்புடுறதப் பாத்தா கேப்பாளோன்னு, அடுப்படிக்குள்ள போயி கதவச் சாத்திட்டுச் சாப்புடுவோம். அவ வெளிய நின்னு கதவத் தட்டுவா."

"நீங்க தொறந்தீங்களா?"

"தொறக்கல."

அவன் எழுந்து போய் டப்பாவிலிருந்து நான்கு கேப்சூல்களை எடுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் விழுங்கிவிட்டு, சோற்றில் கையை வைத்தான். எனக்கு இந்த ஊர்ப் பள்ளி மேல் கோபம் உண்டு. புத்தகத்தைப் பார்த்து வராது என்று சொன்ன டாக்டர் மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அடுப்படிக்குள் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முட்டைக் குழம்பை ஊற்றிச் சோறு தின்றது அவர்கள் யாரும் இல்லை.